நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குள் அரை மணி நேரம்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

கேள்வி இதுதான்: ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதுமா, டிக்கெட் எடுத்து உள்ளேயும் போக வேண்டுமா? உள்ளே அறைகலன்கள் இருக்கின்றனவா, வெறும் சுவர்தானா?

உள்ளே போங்கள். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். முகம் வாடி இறங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத் தப்பாக எதிர்பார்த்துப் போனவர்கள். வெளித் தோற்றத்தைப் பார்த்து நூறு அறையாவது இருக்கும் என்று நினைக்கிறார்கள். அலங்காரம் முடிந்த அறைகள் சுமார் பதினைந்துதான். அதைவிடப் பெரிய தப்பு, அதை இடைக்காலக் கோட்டை என்று நினைப்பது. அடிக்கல் நாட்டியது 1869 செப்டம்பர் 5, சூயஸ் கால்வாய் திறந்த அதே ஆண்டு. அந்த மலையில் உண்மையான பழைய கோட்டைகள் இரண்டு இடிந்து கிடந்தன. அந்தச் சிதிலங்களை அகற்றி, பாறை உச்சியை எட்டு மீட்டர் அளவுக்கு வெடி வைத்துத் தகர்த்துச் சமதளமாக்கி, அதன் மேல் எழுப்பியது இந்தக் கட்டடம். உள்ளே செங்கல், வெளியே வெளிர் சுண்ணாம்புக் கல் போர்வை, தேவைப்பட்ட இடத்தில் எஃகு. 1879, 1880 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 4,00,000 செங்கல்லும் 465 டன் சால்ஸ்பர்க் பளிங்கும் மேலே ஏறின.

கட்டச் சொன்னவர் பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக். முதல் தோற்றப் படங்களை வரைந்தவர் கிறிஸ்டியான் யாங்க், நாடக அரங்குகளுக்குத் திரை எழுதுகிற ஓவியர். எடுவார்ட் ரீடல், கேயார்க் ஃபான் டோல்மான், யூலியுஸ் ஹோஃப்மான் என்று அடுத்தடுத்து வந்த கட்டடக் கலைஞர்கள் அந்தப் படங்களைக் கட்டடமாக்கினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் புரியும். யாரும் பரம்பரை பரம்பரையாகப் புழங்கிச் சேர்த்த சாமான் அங்கே ஒன்றும் கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களிலும் அவற்றுக்கு மூலமான பழங்கதைகளிலும் ஊறிப்போன ஒரே மனிதர், தான் குடியிருப்பதற்காகச் செய்துகொண்ட அரங்கம் அது. நாற்காலியிலிருந்து கதவுக் கீல் வரை அந்தந்த அறைக்கென்றே வரைந்து செய்தவை. "இது எத்தனை நூற்றாண்டுப் பழையது?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த அறை எந்தக் கதை?" என்று கேளுங்கள்.

உள்ளே போவதற்கு முன் டிக்கெட். மேலே கோட்டை வாசலில் டிக்கெட் கிடையாது. கீழே ஹோஹென்ஷ்வாங்காவ் ஊரில் இருக்கும் டிக்கெட் மையத்திலோ, அதன் இணையதளத்திலோதான் எடுக்க வேண்டும். கோடையில் ஒரு நாளைக்கு 6,000 பேருக்கு மேல் வருகிற இடம். அன்றன்றைய டிக்கெட் காலையிலேயே தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு முன்பதிவு செய்துவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் குழுவில் இடம் இருக்காது.

டிக்கெட்டில் ஒரு நேரமும் ஒரு குழு எண்ணும் இருக்கும். அது நீங்கள் நுழைவாயில் தடுப்பைத் தாண்ட வேண்டிய நிமிடம், மலையேறத் தொடங்க வேண்டிய நேரமல்ல. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். முற்றத்தில் உள்ள பலகையில் உங்கள் குழு எண் ஒளிரும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். தவறவிட்டால் டிக்கெட் செல்லாது, அடுத்த குழுவில் சேர்க்க மாட்டார்கள். ஊரிலிருந்து கோட்டைக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், 30 முதல் 40 நிமிடம் நடை. குதிரை வண்டி கோட்டைக்குக் கீழே ஓரிடத்தில் இறக்கிவிடும், அதற்கு மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஏற வேண்டும். பேருந்து மாரியன் பாலத்துக்கு அருகே விடும், அங்கிருந்து கோட்டைக்குக் கால் மணி நேரம் செங்குத்தான இறக்கம். பனியும் பனிக்கட்டியும் இருக்கும் நாட்களில் பேருந்து ஓடாது. வண்டிக்கும் பேருந்துக்கும் வரிசை உண்டு என்பதால், எப்படிப் போனாலும் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஊரில் இருப்பது நல்லது.

எல்லாப் படங்களிலும் வருகிற அந்தக் காட்சி மாரியன் பாலத்திலிருந்து எடுப்பதுதான். பெல்லாட் பள்ளத்தாக்குக்கு மேலே சுமார் 90 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. முதலில் மரப் பாலம், லூட்விக்கின் தந்தை மாக்ஸிமிலியான் போட்டுத் தன் மனைவி மாரியின் பெயரை வைத்தது. 1866-ல் லூட்விக் அதை இரும்பில் மாற்றினார். பாலத்துக்கு முதலில் போய்விட்டுக் கோட்டைக்கு இறங்குவதுதான் கால்களுக்கு இதமான வரிசை. ஆனால் பாலத்தில் நெரிசலில் சிக்கிக் குழுவைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. நேரம் குறைவு என்றால் பாலத்தைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உள்ளே. வழிகாட்டியோடு மட்டுமே நடக்க முடியும். சுமார் 30 நிமிடம், ஜெர்மன் அல்லது ஆங்கிலம், மற்ற சில மொழிகளுக்கு ஒலிக் கருவி. புகைப்படம், வீடியோ இரண்டுக்கும் தடை. பெரிய பை, குழந்தை வண்டி, முதுகில் சட்டமிட்டுக் குழந்தையைத் தூக்கும் பை எதுவும் உள்ளே போகாது. 165 படி ஏற்றம், 181 படி இறக்கம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு லிஃப்ட் உண்டு, அதை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். படத் தடையைப் பற்றி முணுமுணுப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். ஒருவர் வாழ்வதற்காகத் தைத்த பட்டுத் திரைகளும் மெத்தை விரிப்புகளும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் மூச்சுக் காற்றின் ஈரத்தையும் உடைத் தூசியையும் வெளிச்சத்தையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பட்டு ஒருமுறை நைந்துபோனால் நைந்ததுதான். 2017-ல் தொடங்கி 2024 வரை அறை அறையாகச் சீர் செய்ததற்கே இதுதான் காரணம். தடையிலும் உங்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது: முப்பது நிமிடமும் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் மூன்றாம் மாடிக் கூடம், சிகுர்ட் என்ற வடபுலத்து வீரனின் கதை சுவர் முழுக்க ஓவியமாக இருக்கும். அதை வேகமாகக் கடந்துவிடலாம், அடுத்து வருவதுதான் அரியணை மண்டபம். இரண்டு மாடி உயரம், பைசாந்திய (பழைய கிழக்கு ரோமப் பேரரசின்) தேவாலயப் பாணி. நுழைந்ததும் எல்லாரும் மேலே சரவிளக்கைப் பார்ப்பார்கள். பைசாந்திய மகுட வடிவம், முலாம் பூசிய பித்தளை, 96 மெழுகுவர்த்தி, எடை சுமார் 900 கிலோ. மெழுகுவர்த்தி மாற்ற அதை இராட்டினத்தால் கீழே இறக்குவார்கள். நீங்கள் முதலில் தரையைப் பாருங்கள், கூட்டம் நிறைந்தால் தெரியாது. செடிகொடிகளும் விலங்குகளுமாகப் பதித்த மொசைக், மன்னர் இறந்த பிறகே முடிந்தது. அடுத்துத் தூண்கள். கீழ் வரிசை சிவந்த பார்ஃபிரிக் கல் போலவும் மேல் வரிசை நீல லாபிஸ் லாசுலி போலவும் இருக்கும், இரண்டும் கல் அல்ல. எஃகுச் சட்டத்தின் மேல் ஜிப்சம் மாவு, பசை, நிறமி மூன்றையும் பிசைந்து பூசி, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுதை. மலிவுக்காகச் செய்த ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பாறை முனையில், மூன்றாம் மாடியில், இவ்வளவு பெரிய மண்டபத்தை முழுக் கல்லில் தூக்கி நிறுத்த முடியாது என்பதால் செய்த பொறியியல் அது.

மண்டபக் கோடியில் வெள்ளைப் பளிங்குப் படிகள் ஏறுகின்றன. மேலே கிறிஸ்து, பக்கங்களில் பன்னிரண்டு சீடர்கள், கீழே புனிதராக்கப்பட்ட ஆறு அரசர்கள். படிகளின் உச்சியில் ஒன்றுமில்லை. அரியணையை எடுத்துப்போய்விட்டார்களா என்று யாராவது கேட்காத குழு இல்லை. அது செய்யப்படவே இல்லை. அதற்குள் மன்னர் இறந்துவிட்டார்.

உணவறை சிவப்புப் பட்டு, படுக்கையறை நீலம், உடைமாற்றும் அறை ஊதா, படிப்பறை பச்சை. இந்த நிற வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால், வழிகாட்டி வேகமாகப் பேசினாலும் எந்த அறையில் நிற்கிறோம் என்பது குழம்பாது. எல்லா அறையிலும் இடுப்புக்கு மேல் உயரம் வரை ஓக் பலகை அடைத்திருக்கும், அதற்கு மேல் ஓவியம். உணவறை சிறியது, மன்னர் பெரும்பாலும் தனியாகவே சாப்பிட்டார். மேசை நடுவில் பளிங்குப் பீடத்தின் மேல் பழங்கதை வீரன் சீக்ஃப்ரீட் டிராகனோடு போரிடும் முலாம் பூசிய வெண்கலச் சிலை, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். எதிரே ஆள் உட்கார்ந்தால் முகம் தெரியாது, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. மூன்று மாடி கீழே இருந்த சமையலறையிலிருந்து உணவு சிறு லிஃப்டில் ஏறி வந்தது.

நேரம் செலவிட வேண்டிய அறை என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் படுக்கையறையைத்தான் சொல்ல வேண்டும். மற்ற வாழ்அறைகள் ரோமனெஸ்க் பாணியில், அரைவட்ட வளைவுகளோடு இருக்கும். இந்த அறையும் அதை ஒட்டிய சிறு வழிபாட்டறையும் மட்டும் கூர்வளைவுள்ள கோதிக். கட்டிலின் மேற்கட்டியைப் பாருங்கள். தேவாலயக் கோபுரங்களைக் காடு போல நட்டு வைத்த மரச்செதுக்கு. பதினான்கு மரச்சிற்பிகள் நாலரை ஆண்டு வேலை செய்தார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. மெத்தை விரிப்பின் நீலப் பட்டில் சிங்கம், அன்னம், மகுடம், பவேரிய அரச குலச் சின்னம் எல்லாம் பூத்தையலாக இருக்கும். சுவரில் பழங்கதைக் காதலர்களான டிரிஸ்டானும் ஐஸோல்டும். கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், முகம் கழுவும் மேடையையும் தேடுங்கள். வெள்ளி முலாம் பூசிய அன்னத்தின் அலகுதான் தண்ணீர்க் குழாய். அந்தத் தண்ணீர் ஆள் தூக்கி வந்து ஊற்றியது அல்ல. கோட்டைக்கும் மேலே இருந்த ஊற்றிலிருந்து தன் அழுத்தத்திலேயே ஓடி வந்தது. எல்லா மாடியிலும் குழாய்த் தண்ணீர், தானாகத் தண்ணீர் பாயும் கழிப்பறை, வெப்பக் காற்றால் அறைகளைச் சூடாக்கும் அமைப்பு, பணியாளரை அழைக்க மின்மணி, மூன்றாம் நான்காம் மாடிகளில் தொலைபேசி. இவை எல்லாம் 1880-களில். பழமை மேலே பூசியது, உள்ளுக்குள் அந்தக் காலத்தின் நவீன வீடு.

உடைமாற்றும் அறையில் தலையைத் தூக்குங்கள். கூரையில் கொடிப் பந்தலும் அதற்கு மேல் வானமும் வரைந்திருக்கும். வரவேற்பறை லோஹென்கிரீன் என்ற அன்ன வீரனின் கதை, அன்னங்கள் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். தூண்களால் பிரித்த ஒரு மூலையில் உயிருள்ள அன்னத்தின் அளவில் மெருகிட்ட மண்பாண்ட அன்னம் ஒன்று இருக்கிறது.

வரவேற்பறைக்கும் படிப்பறைக்கும் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு குகை. மூன்றாம் மாடியில் தொங்கு பாறைகளோடு குகை. சாந்தில் செய்தது, டான்ஹாய்ஸர் கதையில் வரும் வீனஸ் குகையை நினைத்து. முன்பு நிற விளக்குகளும் சிறு அருவியும் இருந்தன. சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் மன்னரின் மனம் எப்படி ஓடியது என்பதை இந்த ஒரு வழிப்பாதை சொல்வது போல வேறு எந்த அறையும் சொல்லாது. ஒட்டினாற்போல் கண்ணாடித் தோட்ட அறை, அந்தக் காலத்துக்கு அசாதாரணமாகப் பெரிய கண்ணாடிகள். அங்கிருந்து சமவெளியில் ஃபோர்கன்ஸே ஏரி பளபளக்கும். லூட்விக் பார்த்திராத காட்சி அது, 1954-ல் அணை கட்டித் தேக்கிய நீர்.

நான்காம் மாடி பாடகர் மண்டபம். 27 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஜெர்மனியின் பழைய வார்ட்பர்க் கோட்டையின் மண்டபங்களைப் பார்த்துச் செய்தது. கதை, பார்சிஃபால் என்ற வீரனுடையது. ஒரு கோடியில் காட்டை வரைந்த மேடை. கூரை முழுக்கக் கட்டம் கட்டமாக மரம். மன்னர் காலத்தில் இங்கே ஒரு கச்சேரியும் நடக்கவில்லை. வாக்னர் மறைந்து ஐம்பது ஆண்டு நிறைவான 1933-ல்தான் முதல் கச்சேரி. இந்த மண்டபம் முடிந்ததும் சுற்றுலா முடிந்தது என்று பலர் வெளியேறும் வழியை நோக்கி விரைவார்கள். இரண்டாம் மாடி முடிக்கப்படாத தளம். அங்கே இப்போது கடையும் சிற்றுண்டியகமும் இருக்கின்றன, அவசரமில்லை. கீழே சமையலறையைத் தவறவிடாதீர்கள். முழுதாக அப்படியே இருக்கிறது. இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்ற ஆள் வேண்டாம். அடுப்பிலிருந்து எழும் சூட்டுக் காற்று புகைபோக்கியில் இருக்கும் சிறு விசிறிச் சக்கரத்தைத் திருப்பும், அது கம்பியைத் திருப்பும். நெருப்பு ஓங்கினால் கம்பியும் வேகமாகச் சுழலும், தணிந்தால் மெதுவாகும். எனவே இறைச்சி கருகுவது குறையும். தட்டுகளைச் சூடாக வைக்கும் அலமாரி, மீன் தொட்டி, சுடுநீர்க் குழாய் எல்லாம் உண்டு.

இவ்வளவுக்கும் மதிப்பீடு 32 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்), மன்னர் இறக்கும்போது செலவு 62 லட்சத்தைத் தொட்டிருந்தது. அரசாங்கப் பணம் அல்ல, மன்னருக்குச் சொந்தச் செலவுக்காகக் கிடைத்த படிப் பணமும் கடனும். 1886 ஜூனில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், 12-ஆம் தேதி அதிகாலை இந்தக் கோட்டையில்தான் பிடித்தார்கள். மறுநாள் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் சடலம். மொத்தமாக அவர் இங்கே தங்கியது 172 நாள். ஏழு வாரத்துக்குள், ஆகஸ்ட் 1 அன்று, பார்வையாளருக்குத் திறந்துவிட்டார்கள். மேல் முற்றத்தில் 90 மீட்டர் உயரக் கோபுரமும் தேவாலயமும் வர வேண்டியிருந்தன. அவற்றின் அடித்தள வரைவு மட்டும் தரையில் தெரியும், நிற்கும்போது காலடியைப் பாருங்கள்.

குடும்பம் புழங்கிய அறைகலன்களைப் பார்க்க விரும்பினால் கீழே எதிர்க் குன்றில் நிற்கும் மஞ்சள் நிற ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டைக்கும் டிக்கெட் எடுங்கள். கூட்டம் குறைவு, படியும் குறைவு. என்னைக் கேட்டால் அறைகலனுக்காக வருகிறவர்களுக்கு இதுதான் முதல் கோட்டை. 1832-ல் இளவரசர் மாக்ஸிமிலியான் இடிபாட்டை வாங்கிக் கட்டினார், லூட்விக் சிறு வயதில் வளர்ந்தது இங்கே. அரசியின் அறையைத் துருக்கிப் பாணியில் அமைத்தார்கள், மாக்ஸிமிலியானின் கிழக்கத்தியப் பயணத்தின் விளைவு அது. வாக்னர் வாசித்த மேப்பிள் மரப் பியானோ ஹோஹென்ஷ்டவ்ஃபன் அறையில் இருக்கிறது. லூட்விக்கின் படுக்கையறைக் கூரையில் நட்சத்திரங்கள், மேலேயிருந்து விளக்கேற்றி ஒளிர வைப்பது. எதிர் மலையில் தன் கோட்டை எழும்புவதை அவர் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்ததும் இங்கிருந்துதான். இரண்டும் பார்ப்பதானால் காலையில் ஹோஹென்ஷ்வாங்காவ், பிறகு நொய்ஷ்வான்ஸ்டைன். இரண்டு நேரங்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கீழே மேசையும் கட்டிலும் பார்த்துவிட்டு மேலே போனால், மகன் எதை வளர்த்துப் பெரிதாக்கினான் என்பது தானாகத் தெரியும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் லிண்டர்ஹோஃப் அரண்மனை. லூட்விக் முழுமையாக முடித்த ஒரே பெரிய கட்டடம் அதுதான், பிரெஞ்சுப் பாணி. கண்ணாடி அறையில் இந்தியத் தந்தத்தில் கடைந்த சரவிளக்கு தொங்கும். உணவறையில் மேசையே தரைக்குள் இறங்கி, பரிமாறியதும் மேலே ஏறும், பணியாளர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்பதற்காக. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நொய்ஷ்வான்ஸ்டைனோடு லிண்டர்ஹோஃப், லூட்விக்கின் மற்ற கட்டடங்களான ஷாகன், ஹெரென்கீம்ஸே ஆகியவையும் ஒன்றாகச் சேர்ந்தன.

மியூனிக்கிலிருந்து ஃபூசன் நிலையம் ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பேருந்து பத்து நிமிடம். பவேரிய மாநில நாள் ரயில் டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் பிற்பகல் ஒன்றரைக்கு முன் உள்ள நேரத்தைப் பதிவு செய்ய வேண்டாம். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் நொய்ஷ்வான்ஸ்டைன் மூடியிருக்கும். பெரிய பையைத் தங்குமிடத்திலேயே விட்டு வாருங்கள்.